கோவாவின் புதுப்புனலாட்டு: சான்ஜாவ் திருநாள் பற்றிச் சில குறிப்புகள்

மலர்க்குழு அன்பர்கள் இந்த ஆண்டு என்னிடம், "நாம் பிழைக்க வந்த மண்ணைப் பற்றி எழுதுங்கள் ஐயா, எப்போதும் போலச் சமணத்தைப் பற்றியே வேண்டாம்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார்கள். சரி என்று ஒப்புக்கொண்டேன. ஆனால் புளி, மிளகாய், வெல்லம் என்று காலமெல்லாம் வியாபாரம் செய்தவன் எதைத் தொட்டாலும் கையில் கொஞ்சம் புளி வாசனை ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். கிறிஸ்தவத் திருநாள் ஒன்றைப் பற்றி எழுத உட்கார்ந்தாலும் நடுநடுவே எங்கள் சமயம் தலைகாட்டும். பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

நான் எடுத்துக்கொண்டது ஜூன் 24. கொங்கணியில் சான்ஜாவ். போர்த்துகீசியர் சாவ் ஜுவாவ் என்பார்கள். இயேசுவுக்குத் திருமுழுக்குக் கொடுத்த யோவான் பிறந்த நாள். பழைய கத்தோலிக்கத் தமிழில் இவர் ஸ்நாபக அருளப்பர். சீர்திருத்தச் சபை அன்பர்களுக்கு யோவான் ஸ்நானன்.

அன்றைக்குப் பர்தேஸ் பக்கமோ சால்செட் பக்கமோ பஸ்ஸில் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். மழை கொட்டிக்கொண்டிருக்கும். தலையில் இலை, கொடி, பூ, சில சமயம் பழத்தையும் சேர்த்துக் கட்டிய 'கொப்பேல்' என்னும் முடியைச் சூடிக்கொண்டு ஆண்கள் கூட்டமாக வருவார்கள். இப்போது பெண்களும் வருகிறார்கள். "விவா சான்ஜாவ்" என்று கூவிக்கொண்டே வீடு வீடாகப் போய், கிணறு, குளம், ஓடை எது கண்ணில் பட்டாலும் தொப்பென்று குதிப்பார்கள். கிணற்றுக்காரர் பழமும் ஃபெனி பாட்டிலும் கொடுப்பார். சில இடங்களில் அதைத் தண்ணீரிலேயே போட்டுவிடுவார்கள், மூழ்கி எடுப்பவருக்குச் சொந்தம்.

குடிகாரர் கூத்து என்று நம்மவர்கள் சிலர் ஜன்னலைச் சாத்திக்கொள்வதுண்டு. நானும் குடியைத் தொடாதவன்தான். ஆனால் ஜன்னலைச் சாத்திக்கொண்டால் ஆயிரத்து அறுநூறு வருஷத்துச் சரித்திரம் ஒன்று தெருவோடு போய்விடும். அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் தேதி. புனிதர்களுக்கு அவர்கள் இறந்த நாளைத்தான் திருச்சபை திருநாளாக வைக்கும். பிறந்த நாள் கொண்டாடப்படுவது மூவருக்கு மட்டும்: இயேசு, மரியாள், யோவான். யோவான் தலை வெட்டுண்ட நாள் ஆகஸ்ட் 29 என்று தனியாக இருக்கிறது. அதற்கு இந்த ஆரவாரம் இல்லை. லூக்கா எழுதிய நற்செய்தியின்படி, மரியாளுக்குத் தூதர் வந்து சேதி சொன்னபோது அவர் உறவினர் எலிசபெத்துக்கு ஆறாம் மாதம். ஆக இயேசு பிறப்புக்கு ஆறு மாதம் முன்பு யோவான் பிறப்பு.

அப்படியானால் டிசம்பர் 25-க்கு ஆறு மாதம் முன்பு ஜூன் 25 அல்லவா வரவேண்டும்? ஒரு நாள் எங்கே போயிற்று? இந்தக் கேள்வி என்னை ரொம்ப நாள் குடைந்தது. விடை ரோமானியர் நாள் எண்ணும் முறையில் இருக்கிறது. அவர்கள் அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுவார்கள், அந்த முதல் தேதியையும் சேர்த்து. ஜனவரி முதல் தேதிக்கு எட்டாவது நாள் டிசம்பர் 25. ஜூலை முதல் தேதிக்கு எட்டாவது நாள், ஜூனுக்கு முப்பதே நாள் என்பதால், ஜூன் 24. இரண்டும் அவர்கள் கணக்கில் 'எட்டாம் நாள்'தான். வட்டிக் கணக்கு எழுதியவர்களுக்கு இது சட்டென்று புரியும்.

அந்த இரண்டு 'எட்டாம் நாட்களும்' ரோமானியர் மரபில் கதிரவன் திரும்பும் நாட்கள். டிசம்பரில் பகல் நீளத் தொடங்கும், ஜூனில் குறையத் தொடங்கும். யோவான் தன்னைக் குறைத்துக்கொண்டு இயேசுவை உயர்த்தியவர் என்பது நற்செய்திச் செய்தி. பகல் குறையும் நாளில் யோவான், நீளும் நாளில் இயேசு என்று இதைப் பொருத்திக் காட்டியவர் புனித அகுஸ்தீன். வானத்தையே உரைநூலாக வைத்துக்கொண்டார் பாருங்கள். ஒரே நாளுக்கு இரண்டு கூட்டத்தார் இரண்டு காரணம் வைத்திருப்பது எங்களுக்குப் புதிதல்ல. ஊரெல்லாம் நரகாசுரனுக்காகத் தீபம் ஏற்றும்போது நாங்கள் மகாவீரர் வீடுபேறு அடைந்ததற்காக ஏற்றுகிறோம். விளக்கு ஒன்றுதான்.

இனி தண்ணீருக்கு வருவோம். நம்மவர்களில் கொஞ்சம் படித்தவர்கள் ஒரு விளக்கம் சொல்வார்கள்: "இதெல்லாம் நம்முடைய பழைய பண்டிகை சார், மேலே சிலுவையை ஒட்டிவிட்டார்கள்." கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் சரக்கு எங்கிருந்து வந்தது என்று மூட்டையைப் பிரித்துப் பார்க்காமல் விலை சொல்லக்கூடாது. அதே அகுஸ்தீன், 4, 5-ஆம் நூற்றாண்டுகளில் வட ஆப்பிரிக்காவில் வாழ்ந்தவர், யோவான் பிறந்த நாளன்று கிறிஸ்தவர்கள் கடலுக்குப் போய் முழுக்குப் போடுகிறார்கள், இது புறச்சமய வழக்கம், நிறுத்துங்கள் என்று தம் மறையுரையில் கண்டித்திருக்கிறார். 1333-இல் ஜெர்மனியின் கொலோன் நகரத்துக்குப் போன இத்தாலியக் கவிஞர் பெத்ரார்க்கா, யோவான் திருநாளின் முந்தைய மாலை அந்த ஊர்ப் பெண்கள் மணமுள்ள தழைகளைச் சூடிக்கொண்டு ரைன் ஆற்றில் இறங்கிக் கைகளைக் கழுவுவதைப் பார்த்து வியந்து கடிதம் எழுதினார். தழை சூடுதல், தண்ணீரில் இறங்குதல் இரண்டும் அங்கே இருக்கின்றன. போர்த்துகலின் போர்த்தோ நகரத்தில் இன்றும் ஜூன் 23 இரவு முழுதும் கொண்டாட்டம். நெருப்பு மூட்டித் தாண்டுகிறார்கள், மத்தி மீன் சுடுகிறார்கள், நம் துளசிக்குத் தங்கை முறையான ஒரு செடியைச் சின்னச் சட்டியில் வைத்துக் காதலிக்குப் பரிசு கொடுக்கிறார்கள்.

ஆகவே இலை முடியும் நீராட்டும் கப்பலில் வந்தும் இருக்கலாம். அப்படியானால் கோவாக்காரர் தம்முடையதாக என்ன சேர்த்தார்கள்?

மழையைச் சேர்த்தார்கள். ஐரோப்பாவில் ஜூன் 24 கோடையின் உச்சி. அங்கே நெருப்புதான் பெரிய விஷயம். இங்கே ஜூன் முதல் வாரம் பருவமழை இறங்கிவிடும். ஆண்டுக்குச் சுமார் 3000 மில்லிமீட்டர் பெய்கிற மண் இது. மே மாதம் அடியில் சேறாகக் கிடந்த கிணறு, சான்ஜாவ் வருவதற்குள் கைக்கெட்டும் தூரத்துக்கு ஏறி நிற்கும். இன்னொரு கணக்கும் உண்டு. 1582-இல் போப் 13-ஆம் கிரிகோரி நாள்காட்டியில் பத்து நாளை வெட்டினார். அதற்கு முன் இங்கே கொண்டாடிய ஜூன் 24, இன்றைய கணக்கில் ஜூலை 4. கிணறு இன்னும் நிறைந்திருக்கும். கொட்டும் மழையில் சொக்கப்பனை எரியுமா? தண்ணீர் முன்னுக்கு வந்தது. எலிசபெத்தின் வயிற்றில் குழந்தை யோவான் மகிழ்ச்சியால் துள்ளினாராம், கிணறு தாயின் வயிறு, குதிப்பது அந்தத் துள்ளல் என்று கோவாக்காரர்கள் விளக்கம் சொல்கிறார்கள். யோர்தான் ஆற்றையும் சொல்வார்கள். இரண்டும் அழகான விளக்கங்கள். ஆனால் கிணறு நிறையாத ஊரில் இந்த விளக்கம் பிறந்திருக்காது என்பது என் எண்ணம்.

தமிழ் படித்தவர்களுக்கு இங்கே பரிபாடல் நினைவுக்கு வரும். வையையில் புதுப்புனல் வந்ததும் மதுரை மக்கள் அணி பூண்டு, கள்ளுண்டு, ஆற்றில் பாய்ந்து ஆடியது எல்லாம் அதில் விரிவாக வருகிறது. அதிலிருந்து இது வந்தது என்று நான் சொல்லவில்லை. தயவுசெய்து யாரும் மேடையில் அப்படிப் பேச வேண்டாம். புதுத்தண்ணீரைக் கண்டால் உழுகிறவன் உடம்பு சும்மா இருக்காது, அவ்வளவுதான். எங்கள் திருத்தக்கதேவர் முனிவர். அவரே சீவக சிந்தாமணியில் நீர்விளையாட்டு விழாவைப் பாடாமல் விடவில்லை. அந்த விழாக் கூட்டத்தில்தான் அந்தணர்களால் அடிபட்டுச் சாகக் கிடந்த நாய் ஒன்றின் காதில் சீவகன் மந்திரம் ஓத, அது தேவனாகப் பிறக்கிறது. விழாவின் ஆரவாரத்துக்கு நடுவே ஒரு நாயின் மேல் பார்வை போனதே, அதுதான் சமணப் புலவன்.

கோவாக்காரர் சேர்த்த இரண்டாவது பொருள் மாப்பிள்ளை. கல்யாணம் ஆன முதல் சான்ஜாவுக்குப் பெண் வீட்டார் மருமகனை அழைக்க வேண்டும். கொங்கணியில் 'ஜாவோய்'. அவர் தலையில் கொப்பேல் வைத்து, விருந்து போட்டு, ஊர் இளைஞர்களோடு கிணற்றடிக்கு அனுப்புவார்கள். பழக்கூடை ஒன்று தயாராகும்: பலா, மா, வாழை, அன்னாசி. முதல் குழந்தை பிறந்த வீடுகளிலும் அந்த ஆண்டுக் கொண்டாட்டம் பலம்தான். இதைப் போர்த்தோவில் தேடினால் கிடைக்காது. நமக்கு இதைப் பற்றி விளக்கவும் வேண்டியதில்லை. தலை ஆடிக்கு மாப்பிள்ளையை அழைத்துச் சீர் செய்கிறவர்கள்தானே நாம்! ஒரே வித்தியாசம், ஆடி விருந்து முடிந்ததும் பெண்ணைப் பிறந்த வீட்டில் நிறுத்திக்கொண்டு மாப்பிள்ளையைத் தனியாக பஸ் ஏற்றிவிடுகிறோம். இங்கே அந்தக் கொடுமை இல்லை.

இந்த மருமகன் மரியாதை பிழைத்திருப்பது சாதாரண விஷயமல்ல. 1510-இல் போர்த்துகீசியர் கோவா நகரைப் பிடித்தார்கள். 16-ஆம் நூற்றாண்டிலேயே பர்தேஸ் பிரான்சிஸ்கன் துறவிகள் கையிலும், சால்செட் இயேசு சபையார் கையிலும் மதமாற்றத்துக்கு ஒப்படைக்கப்பட்டன. 1560-இல் சமய விசாரணை மன்றம் வந்தது. 1774 முதல் 1778 வரை ஒரு சிறிய இடைவெளி தவிர, 1812 வரை அது இருந்தது. அந்த மன்றம் 1736-இல் ஓர் ஆணை போட்டது. மதம் மாறியவர்கள் பழைய வழக்கங்களை விடவில்லை என்பதால் வீட்டுக்குள் புகுந்து பட்டியல் போட்ட ஆணை அது. கல்யாணத்தில் வெற்றிலை பாக்கும் பூவும் வழங்கக்கூடாது, மஞ்சள் பூசக்கூடாது, பெண்கள் ஓவிப் பாட்டு பாடக்கூடாது, வளவில் துளசி வைக்கக்கூடாது. உடை, உணவு வரைக்கும் போகிறது. படித்தபோது எனக்கு ஒன்று தோன்றியது. இருநூறு வருஷம் கழித்தும் இவ்வளவு நீளமாகத் தடை எழுத வேண்டியிருந்தது என்றால், இருநூறு வருஷமும் மக்கள் அதை விடாமல் செய்துகொண்டுதான் இருந்திருக்கிறார்கள். தடை ஆணையைப் போல வழக்கத்துக்கு நல்ல சாட்சி வேறு கிடையாது.

திருமணச் சடங்கில் கை வைக்க முடிந்தது. ஆனால் திருச்சபையின் நாள்காட்டியிலேயே இருக்கிற ஒரு புனிதர் நாளில் மாமியார் மருமகனுக்குப் பூமுடி வைத்துப் பழக்கூடை கொடுத்தால் எதைக் குற்றம் என்று எழுதுவது? கோவில் மணி அடிக்கிறது, பூசை நடக்கிறது, மக்கள் "விவா சான்ஜாவ்" என்கிறார்கள். சட்டத்துக்கு வேலையே இல்லை. வழக்கம் மிக பத்திரமான இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. சிறுபான்மையாகப் பல நூற்றாண்டு வாழ்ந்த ஒரு கூட்டத்தில் பிறந்தவன் என்பதால் இந்த உத்தி எனக்குச் சட்டென்று புரிகிறது.

இனிப்பையும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும், வெல்ல வியாபாரி அல்லவா. 'பாத்தோளி' என்று ஒரு பலகாரம். அரிசி மாவை மஞ்சள் இலையில் தடவி, தேங்காயும் வெல்லமும் வைத்து மடித்து ஆவியில் வேகவைப்பது. ஆகஸ்ட் 15 மாதா திருநாளுக்கும் செய்வார்கள், சான்ஜாவுக்கும் செய்வார்கள். மஞ்சள் செடி மழைக்குத் தளிர்த்து இலை விடும் காலம் இது. மே மாதம் 'புருமெந்த்' முடிந்தவுடன் எங்கள் கடையில் வெல்லம் திரும்பவும் நகரத் தொடங்கும். புருமெந்த் என்பது மழைக்கு முன் மிளகாய், புளி, பருப்பு, கருவாடு எல்லாம் வாங்கிச் சேமிக்கும் வழக்கம். போர்த்துகீசியத்தில் ப்ரொவிமெந்து, அதாவது முன்னேற்பாட்டுச் சரக்கு. மட்காவ் பரிசுத்த ஆவி கோவில் சந்தை அதற்குப் பேர்போனது. கருவாடு நான் விற்பதில்லை.

ஃபெனி பற்றி நான் பேசத் தகுதி இல்லாதவன். முந்திரி மரம் பிரேசிலிலிருந்து போர்த்துகீசியர் கொண்டுவந்தது, முந்திரி ஃபெனிக்கு 2009-இல் புவிசார் குறியீடு கிடைத்தது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். கூடையில் இருக்கும் அன்னாசியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததே.

வாத்தியத்தில் முக்கியமானது கும்மட். இருபுறமும் வாய் திறந்த மண்குடம். ஒரு வாயில் உடும்புத் தோல் கட்டுவார்கள். உடும்பு 1972-ஆம் ஆண்டு வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்படும் பிராணி. இப்போது ஆட்டுத் தோல் கட்டுகிறார்கள். 2019-இல் கும்மட்டைக் கோவாவின் பாரம்பரிய இசைக்கருவியாக அரசு அறிவித்தது. உடும்பு பிழைத்தது, ஆடு மாட்டிக்கொண்டது. என் போன்றவர்கள் எந்தப் பக்கம் கைதட்டுவது?

எல்லாவற்றையும் புகழ்ந்துகொண்டே போக எனக்கு விருப்பமில்லை. சால்செட்டின் சில ஊர்களில் சான்ஜாவுக்கு முந்தைய இரவு வைக்கோல் பொம்மை ஒன்று எரிப்பதுண்டு. அதற்குப் பெயர் 'ஜுதேவ்'. போர்த்துகீசியத்தில் ஜுதேவ் என்றால் யூதன். எரிக்கும் பிள்ளைகளுக்கு அது தெரியாது. ஒரு யூதரைக்கூட அவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் இந்த மண்ணில் அந்தச் சொல்லுக்குப் பின்னால் உண்மையான நெருப்பு இருந்தது. கார்சியா த ஓர்த்தா என்ற மருத்துவர் 1563-இல் கோவாவில் அச்சிட்ட நூல்தான் இந்திய மருந்துச் சரக்குகளைப் பற்றி ஐரோப்பாவுக்குச் சரியாகச் சொன்ன முதல் பெரிய நூல். புளியைப் பற்றியும் அதில் ஓர் இயல் உண்டு. என் தொழிலுக்கு அவர் ஒரு குரு. யூத வழியில் வந்தவர். 1568-இல் இறந்தார். மறு ஆண்டே அவர் தங்கையை உயிரோடு எரித்தார்கள். 1580-இல் ஓர்த்தாவின் எலும்புகளையும் தோண்டி எடுத்து எரித்தார்கள். பனாஜியில் நாம் பிள்ளைகளை விளையாடக் கூட்டிப்போகும் பூங்காவுக்கு அவர் பெயர்தான் வைத்திருக்கிறார்கள்.

மதுரையில் எண்ணாயிரம் சமணரைக் கழுவேற்றிய கதையைக் கேட்டும், சில கோவில் சுவர்களில் அதைச் சித்திரமாகப் பார்த்தும் வளர்ந்தவன் நான். அது நடந்த சரித்திரம்தானா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். நடந்ததோ இல்லையோ, கழுமரத்தில் தொங்கும் உருவத்தைப் பார்த்துப் பக்கத்தில் நிற்பவர் சிரிக்கும்போது சமண வீட்டுப் பிள்ளைக்கு வயிற்றில் ஏதோ செய்யும். ஆகவே ஜுதேவ் எரிவதை வேடிக்கை என்று என்னால் எழுத முடியாது. பெயரை மாற்றி எரித்தால் வைக்கோலுக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை.

மனதுக்கு இதமான காட்சிக்கு வடக்கே சியோலிம் போகவேண்டும். அங்கே புனித யோவான் சிற்றாலயம் ஒன்று நீர்க்கரையில் இருக்கிறது. அஞ்சுணா, அசகாவ், சப்போரா, பாதெம் பக்கத்து மக்கள் படகுகளை அலங்கரித்து, பாட்டும் கும்மட்டுமாக ஆற்று வழியே வந்து வணங்கிப் போகிறார்கள். நூறு ஆண்டுக்கு மேற்பட்ட வழக்கம். இப்போது சுற்றுலாக் கூட்டம், ஒலிபெருக்கி எல்லாம் சேர்ந்துவிட்டன. ஐந்து நாள் கழித்து ஜூன் 29, புனித பேதுரு நாள். அவர் மீனவர் அல்லவா, அது மீனவர் திருநாள். கண்டோலிம், நெருல் பக்கம் படகுகளைச் சேர்த்துக் கட்டி 'சங்கோட்' என்ற மிதக்கும் மேடை அமைத்து, அதில் கோவில் போல ஜோடித்து ஆடிப்பாடுவார்கள். கடலுக்குப் போக முடியாத மழைக்காலம். படகுக்கு வேறு வேலையும் இல்லை.

எங்களுக்கு இதே பருவத்தில்தான் சாதுர்மாஸ்யம் தொடங்குகிறது. மழையில் புல் பூண்டும் பூச்சி புழுவும் பெருகும், நடந்தால் மிதிபடும் என்று எங்கள் முனிவர்கள் நான்கு மாதம் ஓரிடத்திலேயே தங்குவார்கள். தண்ணீரையே உடம்பாகக் கொண்ட உயிர்கள் உண்டு என்பது எங்கள் கொள்கை; வடிகட்டாமல் ஒரு வாய் குடிக்க மாட்டோம். நாற்பது பேர் ஒரே கிணற்றில் குதிப்பதை அந்தக் கண்ணால் பார்த்தால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்! ஆனால் மழையில் உயிர் பெருகுகிறது என்பதை இரண்டு பேருமே கண்டிருக்கிறார்கள். நாங்கள் காலை மடக்கி உட்கார்ந்தோம், அவர்கள் குதித்தார்கள். பாந்தோடா ஊரில் நேமிநாதர் பசதியின் இடிந்த சுவர்களைப் பார்க்கும்போதெல்லாம், ஒரு காலத்தில் இந்த மண்ணிலும் மழை மாதங்களில் முனிவர்கள் அசையாமல் தங்கியிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

இப்போது சிக்கல் கிணற்றில்தான். குழாய்த் தண்ணீர் வந்தது, பழைய வீடுகளை இடித்து அடுக்குமாடி கட்டினார்கள், கிணறுகள் தூர்ந்தன. ஹோட்டல்காரர்கள் நீச்சல் குளத்தில் டிக்கெட் போட்டுச் சான்ஜாவ் நடத்துகிறார்கள். தலைக்குப் பிளாஸ்டிக் பூ. குடித்துவிட்டு ஆழம் தெரியாமல் குதிக்காதீர்கள் என்று ஆண்டுதோறும் எச்சரிக்கை வருகிறது. அது நியாயமானதும்கூட. சில ஊர்களில் பெரியவர்களே முதல் நாள் கிணற்றைப் பார்வையிட்டு, எதில் இறங்கலாம் என்று சொல்லிவிடுகிறார்கள். மட்காவில் என் கடைக்குப் பின்னால் இருக்கும் கிணற்றுக்கு இரும்பு வலை போட்டு மோட்டார் வைத்துவிட்டார்கள். சான்ஜாவ் கூட்டம் அங்கே வந்தால், வீட்டுக்காரரிடம் வாளி கேட்டு வாங்கி, மாப்பிள்ளையை நடுவில் நிறுத்தி, தலை முடியோடு சேர்த்து நாலு வாளி ஊற்றிவிட்டுப் போகிறார்கள்.